விட்டுப்போன பிள்ளை

மைக்கைக் கையில் கொடுத்தால் அத்தைக்குத் தனி மிடுக்கு வந்துவிடும். அம்மன் கோவில் கொடை விழாவில் செருப்பு காணாமல் போன செய்தியைக்கூட அழகாகச் சொல்வாள். அதனால் போலியோ சொட்டு மருந்துக்கு ஆட்டோவில் மைக் கட்டியபோது, சுகாதார நிலையத்து சிஸ்டர் அவளைத்தான் தேடி வந்தார்.

அச்சடித்த தாளில், 'போலியோவை விரட்டுவோம்; ஒரு குழந்தையும் விடுபடக் கூடாது' என்று இருந்தது.

"விடுபடக் கூடாதுன்னா ஜெயில்லயே கெடன்னு சொல்லுக மாதிரில்லா இருக்கு சிஸ்டர்" என்று அத்தை அதைத் திருத்தினாள். ஊரெல்லாம் அவள் குரலில், 'ஒரு பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது' என்றே கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தைக்குப் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பாள். முப்பது வயது தாண்டியும் தாத்தாவுக்கு அவள் 'பிள்ளை'தான். "பிள்ளைக்கு காப்பி குடுத்தியா?" என்று அவர் கேட்டால், அது என்னையோ தம்பியையோ அல்ல. எனக்கோ அத்தையோடு ஓடிப்பிடித்து விளையாட வேண்டும் என்று கொள்ளை ஆசை.

முகாமில் தம்பி வாயில் மருந்தை விட்டு, அவன் விரலில் சிஸ்டர் மை வைத்தபோது எனக்கு யோசனை வந்தது. மருந்து போலியோவை விரட்டும். அத்தை காலில் போலியோ இருக்கிறது. அத்தையும் பிள்ளைதான்.

"சிஸ்டர், எங்க வீட்டுல ஒரு பிள்ளை விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் பதறிப்போய், ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். வீட்டில் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை எங்க?" என்று சிஸ்டர் கேட்டார். நான் அத்தையைக் காட்டினேன்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சிஸ்டரும் சிரித்துவிட்டார்.

"சரியாத்தான சொல்லியிருக்கா, விட்டுப்போன பிள்ளைதான நான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் இழுத்தாள். "இது வராம தடுக்க மருந்து மக்கா. வந்தபொறவு விட்டா கேக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பம் ஒங்க சின்ன வயசுல யாரும் கொண்டு போகல்லியா அத்தே?"

தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே போனார்.

அடுத்த முகாமுக்கும் அத்தைதான் பேசினாள். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பி, 'ஒரு பிள்ளையும்' என்று அவள் குரல் கேட்டதுமே, தாத்தா புறவாசல் வழியாகத் தோப்புக்குப் போய்விட்டார். அவருக்கு மைக் சத்தம் ஆகாது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.