வளையம் பார்க்கும் டீச்சர்

மழை விட்ட காலைகளில் பதருன்னிசா டீச்சர் நிமிர்ந்து நடப்பதில்லை. சிமெண்டு ரோட்டில் வழி தெரியாமல் கிடக்கும் மண்புழுக்களை இரண்டு விரலால் எடுத்து, ஓரத்துக் கரிசலில் விட்டுக்கொண்டே போவார். பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் மணியடித்து ஓய்ந்து, ஒதுங்கிப் போவார்கள். பள்ளிக்கூட வாசலில் செருப்பில் அப்பிய மண்ணைக் கல்லில் தேய்த்து, விரல்களைத் துடைத்து, தலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு பிளஸ் டூ வகுப்புக்குள் நுழைவார்.

கோவில்பட்டியில் பல வருஷமாக விலங்கியல் டீச்சர். ஊருக்கு, எலும்பில்லாமல் நெளிவதெல்லாம் புழு. இவருக்கு அந்தச் சொல் ஆகாது. கத்தரிக்காயைப் பிளந்து காட்டினாலும் சரி, சாக்கடையைக் காட்டினாலும் சரி, இரண்டே கேள்விதான். "ஒடம்புல வளையம் இருக்கா? வளந்தா ரெக்கை மொளைக்குமா?" ரெக்கை முளைத்தால் அது பூச்சியின் பிள்ளை, அவர் கணக்கில் வராது. வளையமும் இருந்து, சாகும்வரை அப்படியே இருந்தால்தான் அவருடைய ஆள். அந்த ஆட்களையும் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். "மூணும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. மூத்தவன் தூத்துக்குடி கடல்ல துடுப்புப் போடுதான். நடுவுலவன் நம்ம மண்ண உழுவுதான். கடைக்குட்டி குளத்துல கெடந்து வட்டி வாங்குதான்." மூத்தவன் கடலில் வாழும் வளையப்புழு, நடுவுலவன் மண்புழு, வட்டிக்காரன் அட்டை. மற்ற இருவருக்கும் உடம்பில் முள் மாதிரி மயிர் உண்டு. அட்டைக்கு அது கிடையாது. இரண்டு முனையிலும் ஒட்டிக்கொள்ளும் கிண்ணம் உண்டு.

இதைச் சாப்பாட்டு நேரத்திலும் சொல்லுவார். "சோத்தத் தின்னவிடுதியா?" என்பார் செருப்புக்கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் அப்துல் சுபஹான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. டீச்சருக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் குடத்தின் மேல் குனிந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள்; கைப்பிள்ளைக்காரி. சில வாரங்களாக அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் விட்டுவிட்டு வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அப்புறம் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். படம் என்றதுமே மாமியார் வெள்ளைத்தாய் மருமகளின் தட்டைத் தனியாக வைத்தாள். பிள்ளையையும் வாங்கிக்கொண்டு புட்டிப்பால் கொடுக்க ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவதும் தாய் அழுவதும் டீச்சர் வீட்டுக்குக் கேட்கும்.

குடத்து நீரின் குளிர்ச்சி முகத்தில் பட்டபோது, சொர்ணத்தாயின் இடது மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு நுனி நீண்டது. தண்ணீரைத் தேடுவதுபோல் அசைந்து, மறுபடி உள்ளே சுருங்கிவிட்டது.

"தாயி, தலையத் தூக்காத," என்றார் டீச்சர். "எங்கனயும் குளத்துத் தண்ணி குடிச்சியா?"

"அம்மை வீட்டுக்குப் போயிருந்தேன் டீச்சர். நாகலாபுரத்துப் பக்கம். ஊருணியில குனிஞ்சு அள்ளிக் குடிச்சேன்."

பின்னால் நின்ற வெள்ளைத்தாயும் அந்த நுனியைப் பார்த்துவிட்டாள். "மூக்குல புழு வச்சிருக்கு," என்றவள் வீட்டுக்குள் ஓடி டர்பன்டைன் பாட்டிலோடு வந்தாள். மாட்டுப் புண்ணில் அதை ஊற்றினால் புழு பொலபொலவென்று உதிரும். அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

டீச்சர் பாட்டிலின் வாயைக் கையால் பொத்தினார். "அது ஈப்புழு, ரெக்கை மொளைக்கிற சாதி. இது அட்டை. இத ஊத்துனா அது தொண்டைக்குள்ள எறங்கிரும். மூச்சுக்குழாய அடைச்சா என்ன செய்வீய?"

"அட்டைன்னு எப்படிச் சொல்லுதீய? டாக்டர் ரெண்டு தரம் லைட் அடிச்சுப் பாத்தாவளே."

"வெளிச்சம் பட்டா உள்ள ஒளிஞ்சுக்கிடும். அவியளக் குத்தம் சொல்ல முடியாது. மூக்கு டாக்டர் நாளைக்குத்தான் வருவாவ. நானே கூட வாரேன்."

"நாளைக்கா? நெளியுதத உள்ள வச்சுக்கிட்டு அதுவரைக்கும் இருக்கவா?" வெள்ளைத்தாய் பாட்டிலை விடவில்லை. "நீங்க எடுக்கீயளா, நான் ஊத்தவா?"

ஜாடிக்குள் ஸ்பிரிட்டில் மிதக்கும் அட்டையைத்தான் அவர் இத்தனை வருஷமும் கையாண்டிருக்கிறார். வாசலுக்கு வந்த சுபஹான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வேண்டாம் பதரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா தெருவே ஒன்னயத்தான் சொல்லும்." சொர்ணத்தாய் டீச்சரின் சேலையை இறுகப் பிடித்திருந்தாள்.

அவளை அவள் வீட்டுக்குள்ளேயே கூட்டிப்போய், கதவைப் பாதி சாத்தச் சொன்னார் டீச்சர். மண்பானைத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, அதன்மேல் குனிய வைத்தார். "வாயாலயே மூச்சு விடு. தும்மல் வந்தா கையக் காட்டு." முரட்டுக் காடாத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. சொர்ணத்தாயின் தோள் அந்தப் பக்கம் திரும்பியது.

"அசையாத."

நுனி வந்தது. டீச்சர் அவசரப்பட்டார். துணிக்குள்ளிருந்து வழுக்கி அது உள்ளே போய்விட்டது. சொர்ணத்தாய் இருமினாள், இருமல் நிற்கவில்லை. கண் பிதுங்கியது. "எறங்கிட்டு, எறங்கிட்டு," என்று வெள்ளைத்தாய் தலையில் கைவைத்தாள். டீச்சர் சொர்ணத்தாயின் நெஞ்சைத் தாங்கி, முகத்தை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். மனசுக்குள் ஓதியது வெளியே கேட்டது. இருமல் ஒருவாறு அடங்கியது. சட்டியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அது தொண்டைக்குப் போய்விட்டதா, மூக்கிலேயே இருக்கிறதா, யாருக்கும் தெரியவில்லை.

சட்டித் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து நுனி தெரிந்தது. இந்தத் தடவை டீச்சர் தொடவில்லை. அது தண்ணீரைத் தொட்டு, இன்னும் நீண்டு, வளையங்கள் விரிந்து பளபளக்கும்வரை பொறுத்தார். பிறகு பிடித்தார். பிடித்தாரே தவிர இழுக்கவில்லை. "இழுத்தா அறுந்துரும். பின்பக்கத்துக் கிண்ணத்தால உள்ள புடிச்சிருக்கான். உப்புத் தண்ணியக் கொண்டாங்க." வெள்ளைத்தாய் பாட்டிலைக் கீழே வைத்தாள். உப்பைக் கரைத்து வந்து, மூக்கோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். துணிக்குள் அது முறுக்கியது, நெளிந்தது, சட்டென்று தளர்ந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கறுத்த உடம்பு டீச்சரின் கையோடு வந்துவிட்டது. அதை ஒரு தம்ளருக்குள் போட்டார்.

ரத்தம் நிற்க நேரமாயிற்று. "அவன் எச்சி ரத்தத்த ஒறைய விடாது. பயப்படாதீய," என்று சொல்லி, மூக்கை அழுத்திப் பிடித்தபடியே டீச்சர் உட்கார்ந்திருந்தார். நின்ற பிறகும், நாளைக்கு டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும் என்றார். வெள்ளைத்தாய் தம்ளருக்குள் கிடந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா? நான் காசம்னுல்லா நெனச்சேன்."

அவள் தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து மருமகள் மடியில் வைத்தாள். சொர்ணத்தாய் முகம் கழுவக்கூட எழவில்லை. மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிள்ளை குடிக்கும் சத்தம் அந்த அரையிருட்டில் கேட்டது.

வெள்ளைத்தாய் காப்பி போட்டு வந்து நீட்டினாள். "குடிங்க டீச்சரம்மா."

"அங்கன வைங்க, ஆறட்டும்," என்றார் டீச்சர். அட்டை கிடந்த தம்ளரைப் பாதிக் கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.