மொட்டை மாடியில் இரண்டு ஜி.பி.எஸ்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்கு ஒரு வாசனை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்களை வார்னிஷில் முக்கி அடுப்பில் சுடும் வாசனை. சட்டை, டிபன் பாக்ஸ், தலைமுடி எல்லாவற்றிலும் ஏறிவிடும். கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கினால், எந்தக் கம்பெனி ஆள் என்று மூக்கே சொல்லிவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. பி.இ. முடித்து ப்ரொபேஷனில் இருந்தேன். வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரிய இன்னும் மூன்று வாரம்...

முதலாளிக்கு ஒரு கிறுக்கு உண்டு. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கித் துறைமுகத்தில் கட்டி வைத்திருந்தார். கரை தெரியாத தூரத்தில் புதுச்சேரி வரை ஓட்டிப் போக ஆசை. அதற்கு வழிகாட்டும் மிஷின் வேண்டும். புதுப் பாய் தைத்ததிலேயே கையைக் கடித்துவிட்டதால், அது மலிவாகவும் வேண்டும்.

கப்பல் சாமான் கடையிலிருந்து இரண்டு மிஷின்கள் ஒரு வாரத்துக்கு இரவலாக வந்தன. பெரியது குட்டி டிவி மாதிரி. திரையில் கடல் வரைபடம் தெரியும், அதில் நாம் ஒரு புள்ளி. சின்னது உள்ளங்கையில் அடங்கும். வரைபடம் கிடையாது, நாம் நிற்கும் இடத்தின் எண்களும், போக வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறியும்தான். எண்களைப் பார்த்து, காகித வரைபடத்தில் நாமே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். விலை பெரியதில் ஐந்தில் ஒரு பங்கு.

"எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நீதானே, நீயே பாத்து சொல்லு" என்றார் முதலாளி.

பர்ச்சேஸ் மேனேஜர் வரதனுக்கு அது பொறுக்கவில்லை. குண்டூசி வாங்குவதானாலும் தன் கையெழுத்து வேண்டும் என்கிற ரகம். "மேப் இருக்கறத விட்டுட்டு எவனாவது நம்பர வாங்குவானா சார்?" என்று என் எதிரிலேயே கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பெரியது பிடித்ததால்தான் எனக்குச் சின்னது பிடித்தது. காரணங்களைப் பிறகு தேடினேன்.

அன்று சாயங்காலம் சின்னதை எடுத்துக்கொண்டு கொரட்டூர் ஏரிக்கரையில் போய் அசையாமல் நின்றேன். எண்கள் நிற்கவில்லை. மாறிக்கொண்டே இருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் ஏரிக்குள் நூறு மீட்டர் நடந்து போய்த் திரும்பி வந்திருக்கிறேன்! செருப்புகூட நனையவில்லை.

மறுநாள் இதை ஆபீசில் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் வரதன் முதலாளி அறையில் இருந்தார்.

"நிக்கிற ஆள ஏரிக்குள்ள எறக்கற மிஷின் சார் அது. இவரு பேச்சக் கேட்டா நீங்க புதுச்சேரி போகமாட்டீங்க, இலங்கைக்குத்தான் போவீங்க."

முதலாளி என்னைப் பார்த்து, "திங்கக்கெழம சொல்லு. யோசிச்சு சொல்லு" என்றார். அந்த இரண்டாவது 'சொல்லு'வில் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

டீ குடிக்கப் போன இடத்தில் ஏகாம்பரம் பிடித்துக்கொண்டான். கம்பிச் சுருள் சுற்றும் வைண்டிங் செக்‌ஷன், நூம்பல் ஊர்க்காரன், என் வயதுதான்.

"இன்னா சாரு, மூஞ்சி தொங்கிகினு கீது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பெர்சு மட்டும் ஒயுங்கா நிக்குதா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. வரைபடத்தில் புள்ளி அசையாமல் இருந்ததால், மிஷினும் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். திரையில் தெரிந்தது சென்னையிலிருந்து புதுச்சேரி வரை முழுக் கடற்கரை. அந்த அளவில் நூறு மீட்டர் நகர்ந்தால் புள்ளி எங்கே அசையும்? நாலு வருடம் இன்ஜினியரிங் படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை கம்பெனி மொட்டை மாடியில் இரண்டையும் அருகருகே வைத்தோம். பெரியதுக்கு ஒரு கார் பேட்டரி; அதன் திரை ஓரத்திலும் எண்கள் தெரியும். ஏகாம்பரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை ஏலம் விடுகிற மாதிரி கத்துவான். நான் கிராஃப் தாளில் சின்னதுக்குச் சிவப்பு, பெரியதுக்கு நீலம் என்று புள்ளி வைத்துக் கோடு இழுப்பேன்.

"பெர்சு இப்ப எங்க கீது?"

"ரோட்டத் தாண்டி டீக்கடைகிட்ட."

"அப்டியே ரெண்டு டீ வாங்கியாரச் சொல்லு அண்ணாத்தே!"

சாயங்காலம் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஊர் சுற்றியிருந்தன. செயற்கைக்கோளிலிருந்து சிக்னலை அனுப்பும் அமெரிக்க ராணுவமே பொதுமக்களுக்கு மட்டும் அதை வேண்டுமென்றே கலைத்து அனுப்பியது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

திங்கட்கிழமை அந்தத் தாளை முதலாளி மேஜையில் விரித்தேன். சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு கிறுக்கல்கள். எந்த நிறம் எந்த மிஷின் என்று அவர் காதில் மட்டும் சொன்னேன். வரதனைக் கூப்பிட்டார்.

"இதுல எது வெல ஜாஸ்தியான மிஷின்? பாத்து சொல்லுங்க."

வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சிவப்பில் விரலை வைத்தார்.

முதலாளி சிரித்த சிரிப்பு வைண்டிங் செக்‌ஷன் வரை கேட்டதாம். "சின்னதையே வாங்கிடு. நூறு மீட்டர் தப்பினா தப்பட்டும், புதுச்சேரி அவ்ளோ சின்ன ஊர் இல்ல" என்றார். மூன்றாவது வாரம் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது.

படகும் கிளம்பியது. ஒத்தாசைக்கு என்று வரதனை அழைத்துப் போனார்கள்! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்ததும், "நாங்க செலக்ட் பண்ண மிஷின் கலங்கரை விளக்கத்துக்கு நேரா கொண்டுபோய் விட்டுச்சு" என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னார். நாங்க! அந்த 'நாங்க'வை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அவர் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார் என்று முதலாளி சொன்னதைக் கேட்டு வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய்.

பாய்மரப் படகில் நான் இதுவரை ஏறியதில்லை.

இப்போது எல்லோர் கைபேசியிலும் அந்தப் புள்ளி இருக்கிறது. வானகரம் சிக்னலில் நான் நின்றால் அதுவும் சமர்த்தாக நிற்கிறது. சரியா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. தேவையும் இல்லை. எதை வாங்குவது என்று கேட்டால், மகன் வயதுப் பையன்கள் இணையத்தில் யார் யாரோ போட்ட நட்சத்திரங்களை எண்ணி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை முழுக்க மாடியில் உட்கார்ந்து, பொருளை நம் கண்ணால் பார்த்து முடிவு செய்யச் சொல்லி இன்று யாருக்கும் சம்பளம் தர மாட்டார்கள். எனக்குத் தந்தார்கள்... அந்த ஒரு நாளைப் பொறுத்தவரை எனக்கு யார் மீதும் கோபமில்லை.