ஹில்டா விட்டுக்கொடுத்த புள்ளி

இங்கிலாந்தின் போல்டன் நகரப் பஞ்சாலையில் தறி ஓட்டிய ஆம்ப்ரோஸ் கிராக்கின் மகள் ஹில்டா வெள்ளை உடுப்போடு டென்னிஸ் ஆடுகளத்தில் இறங்கியதையே கிளப் பெண்மணிகள் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. ஆட்டம் வரும், பண்பு வராது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் கற்றாள். 1931 கோடையில் வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு விம்பிள்டனில் இடம் நிச்சயம். இன்னோர் இடத்தைத் தேர்வுக் குழு பார்த்துக் கொடுக்கும்.

எதிரே சிந்தியா, டாக்டர் வீட்டுப் பெண். கடைசி செட்டில் சிந்தியா அடித்த பந்து கோட்டின் மேலேயே விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பியது. கோட்டில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு; நடுவரோ வெளியே என்றார். ஹில்டாவின் வெற்றிக்கு ஒரே புள்ளி பாக்கி.

நடுவரோடு வாதாடுவது அங்கே அநாகரிகம். தப்பாகக் கிடைத்த புள்ளியை அடுத்த பந்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. என்ன முறையோ! ஹில்டா சுலபமான பந்தொன்றை வலையில் அடித்துவிட்டு, நிஜமாகவே தவறவிட்டவள் போல உதட்டையும் கடித்துக்கொண்டாள். அதன்பின் ஆட்டம் சிந்தியா பக்கம் சாய்ந்தது. ஹில்டா தோற்றாள். வலையருகே கைகொடுத்தபோது சிந்தியா அவள் விரல்களை அழுத்தி மெல்ல நன்றி சொன்னாள்.

தேநீர்க் கூடாரத்தில் தேர்வுக் குழுத் தலைவர் பேக்ஷா, அந்த இன்னோர் இடத்துக்கு ஹில்டாவை அனுப்பலாமா என்று சிந்தியாவிடமே கேட்டார். ஹில்டா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"நல்லாத்தான் ஆடுறா, சார். முக்கியமான பந்துன்னா மட்டும் கை நடுங்கிடுது, பாவம்," என்றாள் சிந்தியா, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே. அந்த நாக்கு எப்படித்தான் கூசாமல் இருந்ததோ.

ஹில்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொன்னால், கொடுத்ததைச் சொல்லிக்காட்டிய பஞ்சாலைக்காரி என்பார்கள். சொல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளி. அவளும் தன் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கினாள். இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

ரயிலில் அப்பா கேட்டார்: "அந்தப் பந்தை நீ தூக்கத்துலகூட அடிப்பியேம்மா. என்ன ஆச்சு?"

"கை நடுங்கிடுச்சுப்பா," என்றாள்.

பிறகும் வருடக்கணக்கில் ஆடினாள். சின்னச் சின்ன ஊர்களில் கோப்பைகளும் வாங்கினாள். ஆனால் சிந்தியா சொன்னது எங்கும் பரவியிருந்தது; கடைசிப் புள்ளி என்றால் கூட்டம் பந்தைப் பார்க்காது, அவள் கையைத்தான் பார்க்கும். லீட்ஸில் ஒரு மத்தியானம், வெற்றிக்கு ஒரு புள்ளி இருக்கையில் பந்தைப் போட மட்டையை உயர்த்தினாள். கை நிஜமாகவே நடுங்கியது. யாருடைய கையோ என்பதுபோல அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.