நாற்பது வினாடிப் பாட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பாம்புக்காது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. கதவோரம் நின்று கேட்டே, மேலே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அக்கா சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் மூன்றாம் முறைக்கு முன் அந்தக் காதில் விழுந்ததில்லை.

அவர்கள் வீட்டு முன்னறையில் மனிதர் உட்கார ஒரே நாற்காலி. மீதி இடமெல்லாம் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு. நாற்காலியின் கால் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கும். ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் பாடுகிறவர் இடம் மாறிவிடுவாராம். நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன். பாடுகிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தானுக்குத்தான் முகம் மாறியது.

இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு சங்கம். வருடம் ஒருமுறை ஹோட்டலில் இரண்டு நாள் கண்காட்சி. அறைக்கொரு செட், செட்டுக்கொரு பக்தர். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, புதிதாக ஒருவரும் சேரவில்லை. எப்படிச் சேருவார்கள்? எந்தப் பாட்டையும் நாற்பது வினாடிக்கு மேல் ஓடவிடுவதில்லை. நிறுத்திவிட்டு, "பின்னாடி ஒரு சின்ன மணி அசைஞ்சுதே, கேட்டீங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். வந்தவர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவார்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். எதிராளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர். "இந்த வருஷம் உங்க அறையிலேருந்து நாலு பேராவது சேரணும். இல்லேன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு அறை கிடையாது" என்று அத்தானிடம் சொல்லிவிட்டார். அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. அந்த இரண்டு நாளை நினைத்துக்கொண்டுதான் மனிதர் வருடம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறார்.

கடைசியில் அக்காவிடம் வந்தார். "நீ புது ஆள் மாதிரி முன்னாடி வந்து உட்காரு. ஆளைப் பார்த்துத்தான் ஆள் வரும்."

"தலையாட்டணுமா?"

"மெதுவா ஆட்டு. ரொம்ப ஆட்டினா சந்தேகம் வரும்."

கண்காட்சியன்று நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகுதான் தெரிந்தது, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை, அந்த மணிக்கட்டுத் தடிமன் ஒயரை, பெட்டியோடு வேனிலேயே விட்டிருந்தார். சத்தம் வருகிறதா என்று பார்க்க ஹோட்டல் எலக்ட்ரீஷியனிடம் விளக்கு ஒயர் வாங்கி மாட்டினார். சத்தம் வந்தது. "இதுல யாருக்கும் பாட்டுப் போட்டுடாதே, மானம் போயிடும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கீழே ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா பாட்டைப் போட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குப் பிடித்த பாட்டு. நாற்பது வினாடி ஆயிற்று. நிறுத்த ஆளில்லை. இரண்டாவது சரணத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு ரெண்டாவது சரணம் இருக்கறதே மறந்துபோச்சுடா" என்றாள்.

வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். நாற்காலி தீர்ந்ததும் சுவரோரம் நின்றார்கள். அத்தான் பெட்டியோடு மூச்சிரைக்க வந்தபோது அறை நிறைய ஆள். நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றார். முடிந்ததும் ஆறு பேர் சங்கத்தில் பெயர் கொடுத்தார்கள்.

பல் டாக்டரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். "என்ன ஒயர் சார் இது? இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்லை!"

அத்தான் அக்காவைப் பார்த்தார். காலால் விளக்கு ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, பெட்டியைத் திறந்தார். "இதோட ஜோடிதான் சார்." ஆறு பேரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அறை தப்பித்தது. அடுத்த வருடம் போனபோது அந்த ஆறு பேரில் ஒருவர் நாற்பதாவது வினாடியில் பாட்டை நிறுத்தி, எனக்கு மணி கேட்டதா என்று விசாரித்தார்.

அக்கா அதற்குப் பிறகு கண்காட்சிப் பக்கம் போகவில்லை. சமையலறையில் கையடக்க ரேடியோ ஒன்று வைத்திருக்கிறாள். அத்தான் பசி தாங்காமல் முன்னறையிலிருந்து கூப்பிடுவார், ஒருமுறை, இருமுறை, மூன்று முறை.

"இருங்க, பாட்டு முடியட்டும்" என்பாள். அது மட்டும் அந்தப் பாம்புக்காதில் முதல் தடவையே விழுந்துவிடுகிறது.