நசுங்காத திண்டு

சம்பத்குமாருக்கு மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. ஆனால் சின்னக் காஞ்சிபுரத்தில் யாரும் அவரை அந்த வேலையை வைத்து அடையாளம் சொன்னதில்லை. பெருமாள் புறப்பாட்டில் வாகனத்தின் தண்டுகளைத் தோளில் தாங்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளில் அவர் ஒருவர். இடப்பக்கத் தண்டில், முன்னாலிருந்து இரண்டாவது ஆள். அவருடைய அப்பா நடந்த இடம் அது. அப்பா தோளை இறக்கிய அன்று இவர் ஏற்றிக்கொண்டார். இவருக்கு லக்ஷணா என்று ஒரே மகள். ஆகவே இவர் இறக்கினால் அந்த இடம் இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் திரும்பி வராது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தோள் போனவன் தானே வாய் திறந்து சொல்லி விலகவேண்டும். மற்றவர்கள் யாரும் விலகச் சொல்லமாட்டார்கள். ஜாடையாகக்கூடக் கேட்கமாட்டார்கள்.

2006 ஆனியில் செவிலிமேட்டுப் பக்கம் கணக்கெடுக்கப் போனபோது குறுக்கே நாய் வந்து, மொபெட்டோடு விழுந்தார். வலது தோள் அடிபட்டது. கை காதுக்கு மேல் எழவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வரம் என்று அவர் கூப்பிடும் மனைவி வரலக்ஷ்மியைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்று நினைத்தார்.

அடுத்த புறப்பாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். உயிர் போய் வந்தது. அதற்கடுத்த புறப்பாட்டில் ஓர் அதிசயம். தண்டு தோளில் உட்கார்ந்தது, வலி இல்லை. வீதி சுற்றி இறக்கும்வரை இல்லை. வீட்டுக்கு வந்து சட்டைக்குள் கையை விட்டபோதுதான் மறுபடி வலித்தது.

“பெருமாளு ஏறினாருன்னா வலி எங்கியோ போயிடுது வரம். எறங்கினதும் வந்துடுது. இதுக்கு இன்னா சொல்ற?”

வரலக்ஷ்மி மறுவாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் துளசி மாலை வாங்கிப் போட ஆரம்பித்தாள்.

மறு வருஷம் கோடையில் சென்னை சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பல நாட்டு மாணவர்கள் வந்து இறங்கினார்கள். தொழில்முனைவோர் பயிற்சி என்று பெயர். மூன்று மூன்று பேராகக் குழு பிரித்துவிட்டார்கள். ஊருக்குள் போய் யாருக்காவது தேவைப்படும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துச் செய்யவேண்டும். அது வேலை செய்கிறது என்று மேடையில் நிரூபிக்கவேண்டும். ஜெயிக்கும் குழு சிங்கப்பூர் போட்டிக்குப் போகும். செவிலிமேட்டுப் பெண் ஸிந்துஜா ஒரு குழுவில் இருந்தாள். அவளுடன் கென்யாவிலிருந்து வாஞ்ஜிகூ, போலந்திலிருந்து தோமாஷ்.

அவர்கள் ஸிந்துஜா வீட்டுக் கூடத்தில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் சம்பத்குமார் மீட்டர் பார்க்கப் போனார். மீட்டர் உயரத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தபோது சட்டைக் கழுத்து விலகி, காய்த்துப் போன தோள் தெரிந்தது. வாஞ்ஜிகூ எழுந்து வந்து ஏதோ கேட்டாள்.

“அங்கிள், அது என்னன்னு கேக்குறா.”

“பெருமாளைத் தூக்கறதும்மா.”

ஸிந்துஜா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். தோமாஷ் காகிதத்தை மடக்கிக் கீழே வைத்தான். சண்டை நின்றுவிட்டது.

அன்றிலிருந்து மூன்று பேரும் நிழல்போல அவர் பின்னால் வந்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தை அவர் கண்டதில்லை. விடியுமுன் சந்நிதித் தெருவில் நிற்பார்கள். வெயிலில் வாகனத்தின் கூடவே நடப்பார்கள். தையற்காரரிடம் உட்கார்ந்து தாங்களே தோள்திண்டு தைப்பார்கள். சரியில்லை என்றால் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளாமல் பிரிப்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்தப் போலந்துப் பையன் தரையில் சம்மணமிட்டு ஊசியில் நூல் கோத்ததை வீட்டில் நடித்துக் காட்டினார். “யாரும் சம்பளம் கொடுக்கல வரம். யாரும் அதட்டல. தானா செய்யுதுங்க.”

திண்டுக்குள் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. தேங்காய் நார் வைத்துச் சில, ரப்பர் நுரை வைத்துச் சில தைத்தார்கள். தறி வீடுகளில் மிஞ்சும் பட்டுக் கழிவை வைத்தால் என்ன என்று வாஞ்ஜிகூவுக்குத் தோன்றியது. பட்டு ஊரில் பட்டுத் திண்டு. மூவருக்கும் கண் மின்னியது. கழிவைச் சுத்தம் செய்ய நாள் பிடித்ததால், ஏகாதசிப் புறப்பாட்டுக்குள் அப்படி ஒன்றுதான் தயாரானது. அதைச் சம்பத்குமாருக்கு என்று ஒதுக்கினார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. தாங்கிகள் குளித்து ஈரத்தோடு வந்தபின், பெருமாளை இறக்கும்வரை வெளியார் யாரும் அவர்களைத் தொடக்கூடாது. அவர்கள் தோளில் துணி மடித்துப் போடும் இடத்துக்கும் போகக்கூடாது. பிள்ளைகள் துவைத்த திண்டுகளை முன்தினமே கொடுத்துவிட்டு விலகி நின்றார்கள். முடிந்ததும் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் நடந்தது எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

புறப்பாடு முடிந்ததும் தபாலாபீஸ் எதிரே வாசுதேவின் ஜெராக்ஸ் கடைக்குள் எல்லாரும் நுழைந்தார்கள். வாசுதேவும் தாங்கிதான், தண்டில் சம்பத்குமாருக்குப் பின்னால் நிற்பவர். முன்னால் நிற்பவர் கோவர்தன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஸிந்துஜா திண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தாள். எல்லாம் தோசைபோலத் தட்டையாகியிருந்தன. வாசுதேவுடையதும் கோவர்தனுடையதும் மற்றவற்றைவிட மோசம், நாரும் நுரையும் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தன. சம்பத்குமாருடையது மட்டும் தைத்த அன்று இருந்ததுபோல உப்பலாக இருந்தது.

“அங்கிள், பட்டு ஜெயிச்சிடுச்சு! ஒரு சுருக்கம்கூட இல்ல பாருங்க! உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“பாரமே தெரியலமா” என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார்.

வாஞ்ஜிகூ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தோமாஷ் படம் எடுத்தான். கோவர்தன் ஆட்டோவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார். வாசுதேவ் ஓடாத இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் போனபிறகும் சம்பத்குமார் நகரவில்லை.

“வாசு. இன்னாபா நடக்குது?”

“இன்னா நடக்குது, கரண்டு போவுது வருது. உங்க டிபார்ட்மெண்ட்டு லட்சணம்.”

“வெளையாடாத. என் திண்டு நசுங்கவே இல்ல.”

“உன் தோளு பூ மாதிரி. அதான்.”

“நீ திண்டுக்கு அடியில எத்தினி மடிப்பு துணி போட்டுக்கினு வர?”

“எல்லாரும் போடறதுதான். ரெண்டு.”

“நெசமா சொல்லு.”

வாசுதேவ் துடைப்பதை நிறுத்தினார். “நாலு. கோவர்தன் அஞ்சு. அவன் கொஞ்சம் குள்ளம்ல.”

தண்டு வளையாத மரம். முன்னாலும் பின்னாலும் இருக்கும் தோள்கள் ஒரு விரற்கடை உயர்ந்தால், நடுவில் இருக்கும் தோளை அது தொடும், அழுத்தாது. சம்பத்குமாருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

“எப்பத்திலேர்ந்து?”

“நீ வண்டியிலேர்ந்து வுழுந்தல்ல, அதுக்கப்புறம் ஒரு பொறப்பாடு பல்லக் கடிச்சிக்கினு வந்தியே. அதுக்கு அடுத்ததுலேர்ந்து.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்றது எங்க வேலையா? அது உன் வேலை. நீ சொல்லல. சரி, இன்னும் நடக்கணும்னு ஆசை இருக்குது போலன்னு வுட்டுட்டோம். டீ சாப்பிடறியா? நீதான் காசு தரணும்.”

அவர் டீ சாப்பிடவில்லை. மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஓட்டத் தோன்றவில்லை. பெருமாள், வாகனம், நகை, மாலை, அர்ச்சகர்கள், குடை. அத்தனையிலும் தன் பங்காக வரவேண்டிய பாரத்தை இரண்டு பேர் பிரித்து எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருஷம், ஒவ்வொரு புறப்பாட்டிலும், அவருக்கே தெரியாமல் நடந்திருக்கிறார்கள். இறக்கியபின் கேலி பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவரால் அதை நினைத்து முடிக்கமுடியவில்லை.

“பெருமாள் வலிய எடுத்துட்டார்னு சொல்லிக்கினு இருந்தேன்” என்றார் வரலக்ஷ்மியிடம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “வாராவாரம் துளசி மாலை போட்டேனே. அதுல பாதிய வாசு கழுத்துலயும் கோவர்தன் கழுத்துலயும் போட்டிருக்கணும்” என்றாள். சிரிக்க முயன்றாள், அழுதுவிட்டாள்.

பேசாமல் இருந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. அவர் இடம் போகாது. பிள்ளைகள் சிங்கப்பூர் போவார்கள். வாசுதேவும் கோவர்தனும் வாய் திறக்கப்போவதில்லை; வழக்கமே அப்படி. ஆனால் நாளைக்கு இந்தப் பட்டுத் திண்டை எங்கோ ஓர் ஊரில் ஒருவன் நம்பித் தோளில் போடுவான். அவனுக்கு முன்னும் பின்னும் யார் நிற்பார்களோ. அந்த நினைப்பிலேயே இரண்டு இரவுகள் போயின.

மேடை நாளன்று, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கல்லூரிக்குப் போனார். அரங்கம் முழுக்க வெளிநாட்டுப் பிள்ளைகள். மேடையில் ஆளுயரப் பலகை, அதில் அவர் படம். கீழே அவர் சொன்ன வார்த்தை, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். வாஞ்ஜிகூ பேசினாள். தோமாஷ் நசுங்கிய திண்டுகளையும் நசுங்காத திண்டையும் தூக்கிக் காட்டினான். கைதட்டல். பிறகு ஸிந்துஜா அவரை மேடைக்கு அழைத்தாள்.

“அங்கிள், அன்னிக்கு சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க, போதும்.”

அவர் மைக்கை இடது கையில் வாங்கினார்.

“இந்தப் பிள்ளைங்க மேல தப்பு இல்ல” என்று ஆரம்பித்தார். “திண்டு நசுங்கல. ஏன்னா அது மேல பாரமே விழல. எனக்குத் தோளு போயிடுச்சு. போயி ஒரு வருசம் ஆவுது. எனக்கு முன்னால நிக்கறவரும் பின்னால நிக்கறவரும் துணிய ஒசத்திப் போட்டுக்கினு, என் பாரத்தை அவங்க சொமந்துக்கினு வந்தாங்க. எனக்கே தெரியாது. இந்தத் திண்டைப் பாத்துதான் தெரிஞ்சுது. பட்டு நல்லதா கெட்டதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது.”

அரங்கில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். ஸிந்துஜா நினைத்திருந்தால் வேறு எதையாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது, ஆனாலும் சொன்னாள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது கடைசிவரை மாறவில்லை.

வாஞ்ஜிகூ தன் கையிலிருந்த மைக்கைக் கீழே இறக்கியிருந்தாள். நடுவர்களையோ, கூட்டத்தையோ அவள் பார்க்கவில்லை. அவரிடமே கேட்டாள். ஸிந்துஜா அதைத் தமிழில் சொன்னாள்.

“அவங்ககிட்ட உதவி கேட்டீங்களான்னு கேக்குறா.”

“இல்லம்மா.”

“அவங்களாச்சும் உங்ககிட்ட சொன்னாங்களான்னு…”

“இல்லம்மா. சொல்லக்கூடாது. அது எங்க பழக்கம்.”

ஸிந்துஜா அதையும் சொன்னாள். தோமாஷ் மெதுவாக நடந்து போய், அவர் படம் போட்ட பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லாரும். தோற்றுப்போனவர்களுக்கு எதற்கு இவ்வளவு கைதட்டல் என்று சம்பத்குமாருக்கு விளங்கவில்லை.

அந்தக் குழுவுக்குப் பரிசு இல்லை. சிங்கப்பூருக்கு வேறொரு குழு போயிற்று. மறுநாள் காலை பிள்ளைகள் வாசுதேவ் கடை வாசலில் நின்றார்கள். இந்தத் தடவை திண்டுகளோடு ஒரு கேள்வியும் வைத்திருந்தார்கள்: யார் எத்தனை மடிப்பு துணி போடுகிறார்கள்?

“இப்பதான் புத்தி வந்துச்சு” என்று வாசுதேவ் முணுமுணுத்தார். ஆனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லவைத்தார்.

அதே வாரம் சம்பத்குமார் முறைப்படி மற்றவர்கள் முன்னால் தேங்காய் பழம் வைத்துச் சொல்லி விலகினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய இடத்துக்குக் கோவர்தனின் சிற்றப்பா பேரன் வந்தான்.

வைகாசி கருட சேவை அன்று விடியுமுன்பே அவரும் வரலக்ஷ்மியும் கோபுரத்தெதிரே நின்றார்கள். வாஞ்ஜிகூவும் ஊருக்குக் கிளம்பாமல் வந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் நிற்பது அவருக்குப் புதிது. இத்தனை வருஷமும் அந்த நேரத்தில் அவர் கண்ணில் பட்டது முன்னால் நடக்கும் கோவர்தனின் முதுகுதான். தலைக்கு மேலே ஊரே முழங்கும். எதற்கு முழங்குகிறது என்று நிமிர்ந்து பார்க்கமுடியாது.

கதவு திறந்தது. தீவட்டிப் புகைக்கு நடுவே கருடனின் விரிந்த சிறகுகள் தெரிந்தன, பிறகு பெருமாள். அவர் நினைத்திருந்ததைவிட உயரம். அவ்வளவு உயரத்தையும் கீழேயிருந்த மனிதர்கள் ஆடாமல் அசையாமல் கொண்டுவந்தார்கள். வாசலில் ஒரு நொடி குடைகள் சாய்ந்து பெருமாளை மறைத்து, மறுபடி விலகின. கூட்டம் கதறியது. எதற்கு என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

கைகூப்பினார். வலது கை பாதிதான் எழுந்தது. வாகனம் நெருங்கியபோது தண்டுக்கடியிலிருந்து வாசுதேவின் வியர்த்த முகம் திரும்பியது.

“இன்னாபா, சேவை ஆச்சா? ஆச்சுன்னா நகரு. வழியில நிக்காத!”

சம்பத்குமார் வரலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார், கண்ணை எடுக்காமல். எதைப் பார்த்தீர்கள் என்று லக்ஷணா பின்னாளில் கேட்டபோது, மேலே பெருமாளையும் கீழே அவர்களையும் மாறி மாறிப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கண் போதவில்லை என்றார்.