கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என் தம்பி

சுனாமிக்குப் பிறகு கடலூரில் வந்திறங்கிய தொண்டு நிறுவனங்களுக்கு இங்கிலீஷில் அறிக்கை எழுத ஆள் தேவைப்பட்டது. நான் சிதம்பரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். நிவாரண வேலை முடிந்து பலரும் கிளம்பிப் போன பின்னும் ஒரு சின்ன அமைப்பு அங்கேயே தங்கியது. அதில் சேர்ந்தேன். ரசாயனக் கழிவு, ஒப்பந்தத் தொழிலாளர் நிலைமை, மீன் ஏற்றுமதி விதிகள் என்று படித்து, அரசாங்கத்துக்குப் புரிகிற மாதிரி எழுதி, சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் எங்கள் வேலை. வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. "கவர்மெண்ட்டுக்கு எழுதிப் போடுறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு சாயப்பொருள் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். அவன், அவன் பெண்டாட்டி, கைக்குழந்தை, அம்மா, நான் எல்லோரும் ஒரே வீடு. சில நாள் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். தொழிற்பேட்டை நெருங்கினால் அழுகின பழமும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். ஜன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவன் அங்கே இறங்குவான். நான் இன்னும் கொஞ்ச தூரம் போய் அந்த வாடையைப் பற்றி எழுதுவேன்.

அவன் கம்பெனி விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டது. அதற்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பக்கத்துக் கிராமத்துப் பெண்களை நான்தான் தயார் செய்தேன். மைக்கை எப்படிப் பிடிப்பது, கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது என்று வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். கூட்டத்துக்கு முந்தின சாயந்திரம் தம்பி அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கி லீவாடா?"

"இல்ல. வெளிய ஒரு வேலை இருக்கு."

நான் மேலே கேட்கவில்லை. என் புடவையையும் வாங்கி அவனே தேய்த்துக் கொடுத்தான்.

மறுநாள் மண்டபத்து வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. கம்பெனியின் காண்ட்ராக்ட் ஆட்கள் இறங்கி வலதுபக்க நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அதில் அவனும் இருந்தான். இடதுபக்கம் நாங்கள். கலெக்டர் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராய்ப் பேசக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான், கையில் ஒரு தாள். யாரோ எழுதிக்கொடுத்தது. "எங்கள் நிறுவனம் சுற்றுச்... சுற்றுச்சூழ" என்று திக்கினான். அவன் பள்ளிக்கூடத்திலேயே உரக்கப் படிக்கப் பயப்படுவான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் அதே இடத்தில் நின்றான். என் பக்கத்தில் இருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "பிரியாணிக்குக் கூவுறான் பாரு" என்றார். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. தம்பி தாளை இன்னும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான்.

எனக்குக் காது சுட்டது. அவன் என் தம்பி என்று ஒரு வெட்கம். சிரிக்கிறவர்களெல்லாம் நான் கூட்டி வந்தவர்கள் என்று இன்னொரு வெட்கம். எது பெரிது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நிலத்தடி நீர் பற்றி நன்றாகத் தயார் செய்திருந்தேன். ஆனால் மைக்கின் முன்னால் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"இப்பப் பேசினவர் என் கூடப் பொறந்த தம்பி. அவரப் பார்த்துச் சிரிக்காதீங்க. அவருக்கு அந்த வேலை வேணும்."

மண்டபம் அடங்கிப்போனது. பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் வலதுபக்கம் திரும்பின. தம்பி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வேனுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் தண்ணீரைப் பற்றிப் பேசியதை யாரும் கேட்கவில்லை.

சாயந்திரம் அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்கக்கா. நான் யாருன்னு அங்க யாருக்கும் தெரியாது. நீ தெரிய வெச்சிட்ட. காண்ட்ராக்டர் வேன்லயே கேட்டுட்டான், உங்க அக்காவான்னு."

அடுத்த வாரம் அவனுக்கு வேலை இல்லை. நீக்கிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அவ்வளவுதான். காண்ட்ராக்ட் ஆட்களை இப்படித்தான் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறார்கள் என்று நான் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறேன். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று சொன்னேன்.

"என்னய வெச்சி ஒரு ரிப்போர்ட் எழுதப் போறியா?" என்றான். பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விரிவாக்கத்துக்கு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. என்னை அமைப்பு சென்னை அலுவலகத்துக்கு மாற்றியது. பிறகு டெல்லியில் ஒரு கூட்டம். வெளிநாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். எங்கள் இயக்குநர் என்னை அறிமுகப்படுத்தும்போது அந்த மண்டபத்துக் கதையைச் சொன்னார். சொந்தத் தம்பி எதிரே நின்றபோதும் கொள்கையை விடாத பெண் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொள்கைக்காக எதுவும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அதை எழுந்து சொல்லவும் கூச்சமாக இருந்தது. வெளியே வந்ததும், இனிமேல் அதைச் சொல்ல வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டேன். "அது ஒண்ணுதாம்மா எல்லாருக்கும் சட்டுனு புரியுது" என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான். கிணற்றுத் தண்ணீர் அவர்களுக்குப் புரியவில்லை.

தம்பி லோன் போட்டு ஒரு குட்டியானை வண்டி வாங்கினான். கிள்ளை மீன்பிடித் துறைக்கு ஐஸ் ஏற்றிப் போய் மீன் ஏற்றி வருவான். என்னோடு பேச்சு நின்றுவிடவில்லை, குறைந்துபோனது. தீபாவளிக்குப் போனால் வண்டி வேலையாக வெளியே இருப்பான்.

2012-இல் அவன் மகளுக்குக் காது குத்தினார்கள். தம்பி பெண்டாட்டிதான் போன் செய்தாள். "அண்ணி, நீங்க கண்டிப்பா வரணும். அவுங்களும் சொல்லச் சொன்னாங்க." அவன் சொல்லச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி சாம்பார் வாளியோடு வந்தான். எதிரே காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த பெரிய மாமா ஒருவர், "ஏம்மா, நீ என்ன வேலை பாக்குற?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல டைப்பிங் வேலை, மாமா."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இலையில் சாம்பார் ஊற்றினான். "ஆமாம் மாமா" என்றேன்.