புகை போட்ட பன்றியும் தம்பி கொடுத்த சிறுநீரகமும்

என் கொழுந்தன் தாப்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே வாசலில் புகைவாடை அடிக்கும். ரப்பர் தோட்டமாக இருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகிவிட்ட இடத்தில் அவருக்கு வேலை. செம்பனைப் பழம் தின்ன வரும் காட்டுப்பன்றியை லைசன்ஸ் துப்பாக்கிக்காரர் யாராவது சுட்டால் அவருக்கும் பங்கு வரும். அதை விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை போடுவார். சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வண்டிப் பெட்டியில் அடைத்து, குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

எனக்கு ஈப்போவில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கோழி, நகெட், மீன் உருண்டை என்று தினமும் கிருமி தேடுவதுதான் பிழைப்பு. அந்தப் பையை வாங்கியதும் முதலில் கத்தியைத்தான் எடுப்பேன். கறி வெளியே கறுத்துக் காய்ந்து ஜோராகத்தான் இருக்கும். வெட்டினால் நடுவில் ஈரம். புகை போட்டால் வெந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் போடுகிற புகை மேற்புறத்தைத்தான் காய வைக்கிறது, உள்ளே சூடு சரியாக ஏறுவதில்லை. அதையும் வெதுவெதுப்போடு பையில் கட்டி வெயிலில் கொண்டுவந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

வேறு யாராவது என்றால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். இவர் என் வீட்டுக்காரருக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தவர்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி இவர்கள் உயிருக்கே உலை வைத்துவிடும். என் வீட்டுக்காரர் இதைத் தம்பியிடம் சொல்லவே இல்லை. "உன் கிட்னிய வச்சதும் பழைய மாதிரி ஆயிட்டேன்டா" என்று சொல்லி வைத்திருந்தார். கொடுத்தவன் மனம் குளிரட்டுமாம். என்னையும் வாய் திறக்க விடவில்லை.

அதனால் நான் கறியைப் பிரஷர் குக்கரில் போட்டு, விசில் மேல் விசிலாக விட்டுக் குழம்பாக்கிவிடுவேன். கொழுந்தனுக்கு முகம் தொங்கிப்போகும்.

"என்னா அண்ணி, கஷ்டப்பட்டு பொகை போட்டத இப்படி கொழம்பாக்கிட்டீங்க! வெங்காயம் போட்டு ஒரு பெரட்டு பெரட்டுனா போதும்லா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினால், அண்ணனும் தம்பியும் பின்கட்டில் உட்கார்ந்து, கறியைக் கத்தியால் சீவிச் சீவி அப்படியே தின்றுகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கமே திரும்பவில்லை. கொழுந்தன் கிளம்பிய பிறகு கத்தித் தீர்த்தேன்.

"கிட்னியே குடுத்தவன் கையால ஊட்டுறான். வேணாம்னு எப்படி சொல்றது?" என்றார்.

அந்த வாரமே காய்ச்சலும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சால்மோனெல்லா என்றார் டாக்டர். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தேடுகிற கிருமி, என் வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. சிறுநீரகம் தாக்குப்பிடிக்குமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்கள். என் பயமெல்லாம் கொழுந்தன் மேல் கோபமாகத் திரும்பியது.

அவர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். "நானும்தான் தின்னேன் அண்ணி, எனக்கு ஒன்னும் ஆவலியே?"

வார்டுக்கு வெளியே நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். புகையில் சாகாத கிருமி, மாத்திரை, அண்ணன் சொன்ன பொய், எதையும் விடவில்லை. கொழுந்தன் மாத்திரையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அந்த மாத்திரைய நிறுத்திட்டா என்னா?"

"நிறுத்துனா, அவரு ஒடம்பு ஒங்க கிட்னிய வேத்தாளுன்னு நெனச்சு அழிச்சிரும் தம்பி."

கதவுக் கண்ணாடி வழியாக அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூடப் பொறந்தவன் குடுத்ததயுமா அண்ணி?"

அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. "ஆமா தம்பி" என்று மட்டும் சொன்னேன்.